நன்மை வாங்காமல் ஒரு நடை

ஆவணி பிறந்தும் உப்பளம் பகுதியில் வெயில் தணியவில்லை. மத்தியானம் கடலிலிருந்து வரும் காற்று பழைய துறைமுகத்தைத் தாண்டியதும் எங்கோ நின்றுவிடும். சாயங்காலம் மேற்கே இடி இடிக்கும், மழை வராது. இந்த மாதிரி நாட்களில் மாவு சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் ஸ்டெல்லாமேரி கிரைண்டரில் ஐஸ் தண்ணீர் விட்டுத்தான் அரைப்பாள். முன்னறையில் இரண்டு கிரைண்டர்கள். ஒன்றில் அரிசி, ஒன்றில் உளுந்து. அரைத்த மாவைப் பாக்கெட்டில் அடைத்துக் கட்டுவது பக்கத்து வீட்டுச் செல்வாம்பாள். கட்டிய பாக்கெட்டுகளைக் கூடையில் வைத்து, சுற்றியுள்ள அடுக்குமாடி வீடுகளுக்கு மாடி ஏறிக் கொடுத்துவிட்டு வருவது ஸ்டெல்லாமேரி. ஒரே மகள் பெனிஷாவைக் காரைக்காலில் கட்டிக்கொடுத்த பிறகு, அந்த வீட்டில் அதிகம் பேசுவது கிரைண்டர்தான்.

கிளாட்வின் வந்தபோது அவள் உளுந்து மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். உப்பளத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டத்தைப் பல வருடமாக நடத்துகிறவர் அவர். ஆவணியில் காவித் துணியை மொத்தமாக வாங்கி, நடக்கிறவர்கள் வீட்டுக்கெல்லாம் தானே கொண்டுபோய்க் கொடுப்பார். அன்று அவர் கையில் ஒன்றும் இல்லை.

"துணி வாங்கியாந்துட்டீங்களாண்ணே?" என்றாள்.

"வாங்கியாந்தேன்."

"எனக்கு?"

கிளாட்வின் கிரைண்டரைப் பார்த்தார். "அத கொஞ்சம் நிறுத்தும்மா. காத அடைக்குது."

"உளுந்து பொங்கி வர்ற நேரம். இப்ப நிறுத்துனா கல்லு மாதிரி ஆயிடும். சத்தமாவே சொல்லுங்க. செல்வாம்பாளும் கேக்கட்டும்."

"இந்த வருசம் நீ பஸ்ஸுல வந்துடு. கொடியேத்தத்துக்கு அங்க எல்லாரும் ஒண்ணா சேந்துக்கலாம்."

"காலு ரெண்டும் நல்லாத்தான இருக்குது."

"போன வருசம் நீ ரோட்டுல வுழுந்து கெடந்தது இன்னும் என் கண்ணுலயே நிக்குது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா உன் வூட்டுக்காரன் லூர்துக்கு நான்தான பதில் சொல்லணும்?"

"அது மட்டும்தானாண்ணே?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"ஊருல நாலு பேரு நாலு விதமா பேசுறாங்க. இன்னாத்துக்கு வம்பு."

"நாலு பேரு இல்லண்ணே, ஒரே ஆளு" என்றாள் செல்வாம்பாள், பாக்கெட்டின் வாயை முறுக்கிக்கொண்டே. "சொல்தா வூட்டு அக்கா. அந்த ஒரு வாய்க்கு நாலு பேரு பலம்."

கிளாட்வினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அது கடலூர் ரோடுண்ணே" என்றாள் ஸ்டெல்லாமேரி. "கவர்மெண்டு போட்டது. நீங்க கூட்டத்தோட முன்னாடி போங்க. நான் பின்னாடி வர்றேன். என்ன சேக்க வேணாம்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

போன வருடம் நடந்தது இதுதான். கிளம்புகிற அன்று விடியற்காலையில் கோயிலில் பூசை வைப்பார்கள். பூசையில் சாமியார் தருகிற அப்பத்தை இங்குள்ளவர்கள் நன்மை என்பார்கள். செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி, அதாவது பாவசங்கீர்த்தனம் செய்து, மனசைச் சுத்தமாக வைத்துக்கொண்டுதான் நன்மை வாங்க வேண்டும். அன்று ஸ்டெல்லாமேரியும் வாங்கினாள். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ரவா உப்புமாவும் ரொட்டியும் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு, முந்தின நாள் மாடி ஏறி இறங்கிய கால்வலிக்கு ஒரு மாத்திரையும் போட்டுக்கொண்டு நடந்தாள். அரியாங்குப்பம் பாலம் தாண்டியதும் உள்ளங்கை அரித்தது. பிறகு கழுத்து, முதுகு. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. வெயில்தான் என்று நினைத்து இன்னும் வேகமாக நடந்தாள். தவளக்குப்பம் வருவதற்குள் உதடு வீங்கி, தொண்டை அடைத்து, கண் இருட்டி, தார் ரோட்டின் ஓரத்தில் சாய்ந்துவிட்டாள்.

தண்ணீர் தெளித்தார்கள். ஜெபமாலை சொன்னார்கள். மர்கரீத் அக்கா மட்டும் கிட்டே குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். மர்கரீத்தின் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் அது சொல்தா வீடு. கோயிலில் முதல் பெஞ்சு அவளுடையது.

"நன்ம வாங்குன வாய்தான் வீங்கிக் கெடக்குது, பாத்தீங்களா" என்றாள்.

மீன் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வண்டிக்காரன்தான் ஸ்டெல்லாமேரியை மீன்பெட்டிகளுக்கு நடுவில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஊசி போட்டதும் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த ஒரு வாக்கியம் அவளுக்கு முன்பே உப்பளம் வந்து சேர்ந்துவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் எதையோ மறைத்துவிட்டு நன்மை வாங்கியிருக்கிறாள். எதை? ஆளுக்கொரு பாவம் கண்டுபிடித்தார்கள். கல்யாணத்துக்கு முந்திய கதை என்றார்கள் சிலர். செத்துப்போன மாமியாருக்குக் கஞ்சி கொடுக்கவில்லை என்றார்கள் சிலர். மாவில் சோடா கலக்கிறாள், அந்தப் பாவம்தான் என்று ஒருத்தி சொன்னதைக் கேட்டுச் செல்வாம்பாள் மூன்று நாள் சிரித்தாள். ஸ்டெல்லாமேரி சிரிக்கவில்லை. மற்றதைவிட அதுதான் அவளுக்குச் சுட்டது.

வீட்டுக்கு வந்ததும், சீக்காளிக்கு எல்லா வீட்டிலும் கொடுப்பதுபோல, அவளுக்கும் பாலில் ரொட்டியை நனைத்துக் கொடுத்தார்கள். ஒரு வாரம் படுத்தபடி அதைத்தான் சாப்பிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அதனால் ரொட்டியின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் வழக்கம்போல இட்லி, சோறு. நாளெல்லாம் மாவோடு இருக்கிறவளுக்குக் காலையில் வேறு எதுவும் இறங்காது. எத்தனை மாடி ஏறினாலும் உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. அப்படியென்றால் அன்று வந்தது எது? இந்தக் கேள்வியை அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நன்மை வாங்க வரிசையில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு மௌனம் நிற்பதை உணர்ந்தாள். மெல்ல மெல்லக் கடைசி பெஞ்சுக்குப் போனாள். தான் மறந்துபோன பாவம் ஏதாவது இருக்குமோ என்று மாவு அரைக்கும்போது பழைய வருடங்களையெல்லாம் புரட்டிப் பார்த்தாள்.

சித்திரையில் ஒரு நாள் கரண்ட் இல்லை. செல்வாம்பாள் வீட்டில் ராத்திரி மிஞ்சிய சப்பாத்தியைக் காலையில் தின்றுவிட்டு, லிப்ட் ஓடாத ஒரு கட்டடத்தில் கூடையோடு மாடி ஏறினாள். நாலாவது மாடியில் உள்ளங்கை அரித்தது. அந்த அரிப்பை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. கூடையை அப்படியே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து செல்வாம்பாளுக்குப் போன் செய்தாள். செல்வாம்பாள் ஆட்டோவோடு வந்தாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

"இப்ப எந்தப் பூசைக்குப் போன? எந்த நன்மைய வாங்குன? வாய தொறந்து பதில் சொல்லு. தூங்காத. தூங்குன, நேத்து அரச்ச மாவ உன் தலயிலயே கொட்டுவேன்."

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா உட்கார்ந்து இரண்டு நாட்களின் கதையையும் முழுக்கக் கேட்டாள். என்ன சாப்பிட்டீங்க, எப்ப சாப்பிட்டீங்க, அப்புறம் என்ன செஞ்சீங்க.

"இன்னிக்கு சப்பாத்தி. ஆனா அன்னிக்கு சப்பாத்தி இல்லம்மா. ரவா உப்புமா, ரொட்டி."

"ரவையும் கோதுமதான். ரொட்டியும் கோதுமதான்."

பத்து வருடமாக அரிசி உளுந்தோடு வாழ்ந்தவளுக்கு ரவை எதிலிருந்து வருகிறது என்று நினைத்துப் பார்க்கத் தோன்றியதில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு டாக்டரம்மா தெளிவாகச் சொன்னாள். கோதுமை தின்றுவிட்டுச் சும்மா இருந்தால் இந்த உடம்புக்கு ஒன்றும் ஆகாது. கோதுமை தின்னாமல் ஓடினாலும் ஆகாது. தின்றுவிட்டு நடந்தால், ஓடினால், பாரம் தூக்கினால், அப்போது உடம்பு அதை விஷமாக எடுத்துக்கொள்கிறது. வலி மாத்திரை அதைக் கூட்டிவிடும்.

"அப்ப பாவம் கீவம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள் ஸ்டெல்லாமேரி.

டாக்டரம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. செல்வாம்பாள் விளக்கினாள். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள்: "இதுக்கு ஒரு பேரு இருக்கு. ஊர் ஊரா ஆளுங்களுக்கு இருக்கு. எல்லாரும் கிறிஸ்தவங்க இல்ல."

ஸ்டெல்லாமேரியின் வீட்டுக்காரன் லூர்துநாதன், ஊர் எல்லையில் உள்ள மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில் வேலை செய்கிறான். ஷிப்டு முடிந்து வரும்போது சட்டையிலிருந்து உருகின பிளாஸ்டிக் வாசனை வரும். அதிகம் பேசாதவன். கிளாட்வின் வந்துபோன அன்று சாயங்காலம், மீன் குழம்பையும் சோற்றையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அந்த டாக்டரம்மா போவாதன்னுதான சொல்லிச்சு" என்றான்.

"போவாம இருந்தா நல்லதுன்னு சொன்னாங்க. போனா எப்படிப் போவணும்னும் சொன்னாங்க. மொத நாள்லேர்ந்தே கோதும வாயில படக்கூடாது. வலி மாத்திர கூடாது. தனியா போவக்கூடாது. அரிச்சா அப்பவே நின்னுடணும். ஊசி மருந்து கையில இருக்கணும்."

"இத்தினி எதுக்கு? பஸ்ஸுல போனா மாதா வேணாம்னு சொல்லிடுமா?"

"மாதா சொல்லாது."

"பின்ன?"

"நான் பஸ்ஸுல போனா, நடக்க பயந்துக்கினு போனான்னு சொல்லுவாங்க. பாவம் செஞ்சவதான் பயப்படணும். எனக்கு இன்னாத்துக்கு பயம்?"

"ஊருக்காக சாவப் போறியா?"

"சாவறதுக்கு இல்லங்க. சாவாம நடந்து காட்டறதுக்கு."

லூர்துநாதன் சோற்றைப் பிசைந்தான். வாயில் வைக்கவில்லை. அவளும் எழுந்து போகவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் அவன் ஒரு கவளம் எடுத்து விழுங்கிவிட்டு, "அந்த ஊசி எப்படிப் போடறது?" என்றான்.

மறுநாள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மருந்தை எப்படி உறிஞ்சுவது, எவ்வளவு, தொடையின் வெளிப்பக்கத்தில் எங்கே குத்துவது என்று நர்சம்மா சொல்லிக்கொடுத்தாள். போட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க வேண்டும், அங்கேயே உட்கார்ந்து ஜெபம் சொல்லக்கூடாது என்றும் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் லூர்துநாதன் சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து ஒரு வாழைக்காயில் குத்திப் பழகினான். குடம் அச்சில் கொதிக்கிற பிளாஸ்டிக்கைச் சாதாரணமாகக் கையாள்கிறவன் ஊசியைக் கோணலாகக் குத்தினான். வாழைக்காயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அவன் முகத்திலேயே அடித்தது.

"வாழக்கா பொழச்சுக்குமா?" என்றாள் அவள்.

"நீ மூடிக்கினு மாவ அர" என்றான். அடுத்த வாழைக்காயை எடுத்தான். அன்று முழுக்கச் செல்வாம்பாள் வீட்டிலும் வாழைக்காய் வறுவல்தான்.

எல்லாம் ஒழுங்கானது மாதிரி இருந்தபோதுதான் செல்வாம்பாள் அதைக் கேட்டாள்: "அக்கா, அந்த நன்ம இன்னாத்துல செய்யறது?"

ஸ்டெல்லாமேரியின் கை மாவிலேயே நின்றுவிட்டது. அந்த மெல்லிய அப்பமும் கோதுமைதான்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். "அவ்ளோ சின்னது ஒண்ணும் பண்ணாதுன்னுதான் நெனைக்கிறேன்" என்றாள் டாக்டரம்மா. "ஆனா வாங்கிட்டு உடனே வெயில்ல நடப்பீங்க. என்னால உறுதி குடுக்க முடியாது. வேண்டாம்."

கிளம்புகிற அன்று பூசையில் நடக்கிறவர்கள் எல்லாரும் வாங்குவார்கள். அவள் வாங்கிவிட்டு நடந்து, ஒருவேளை விழுந்தால், மர்கரீத் சொன்னது உண்மையாகிவிடும். வாங்காமல் உட்கார்ந்திருந்தால், பார்த்தாயா, பாவம் இருக்கப்போய்த்தானே வாங்கவில்லை என்று அதுவும் உண்மையாகிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மர்கரீத்தே நின்றாள்.

சாமியாரைப் பார்க்கப் போனாள். புதிதாக மாற்றலாகி வந்த இளம் சாமியார். பொறுமையாகக் கேட்டார்.

"அப்பம் வேண்டாம்னா பாத்திரத்துலேர்ந்து திராட்ச ரசம் மட்டும் தரலாம்மா. அதுவும் முழு நன்மதான். பூச முடிஞ்சதும் பீடத்துக்குப் பின்னாடி ரூம்புக்கு, சக்ரீஸ்துக்கு வந்துடுங்க. உள்ளாற வெச்சு தர்றேன்."

"உள்ளாறவா சாமி?"

"வெளிய எல்லார் முன்னாலயும் குடுத்தா, ஏன் அவங்களுக்கு மட்டும்னு ஆளுக்கொரு கேள்வி கேப்பாங்க."

"உள்ளாற குடுத்தா, மறைக்கறதுக்கு ஏதோ இருக்குன்னு சொல்லுவாங்களே. எல்லாருக்கும் குடுக்கற எடத்துல, வரிசையில வெச்சு குடுங்க."

சாமியார் யோசித்தார். "அதுக்கு நான் மேல ஒரு வார்த்த கேக்கணும். இந்த வாரத்துக்குள்ள முடியுமான்னு தெரியல."

"அப்ப இந்தத் தடவ எனக்கு வேணாம் சாமி. வெளிய தர்றன்னிக்கு வாங்கிக்கறேன்."

"வாங்கலன்னா பேசுவாங்களேம்மா."

"வாங்குனப்பவும் பேசுனாங்க."

சாமியார் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். அவள் வாசல் வரை வந்ததும், "ஜாக்கிரதையா நடங்க" என்று மட்டும் சொன்னார்.

நேரு வீதிக்குப் போய் அவளே காவித் துணி எடுத்தாள். கிளாட்வின் வாங்கியது கொஞ்சம் வெளிர். இவளுக்குக் கிடைத்தது நல்ல அழுத்தமான நிறம்.

கிளம்புகிற அன்று வீட்டிலேயே நாலு இட்லி சாப்பிட்டாள். வழிக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டாள். கோயிலுக்குள் நுழைந்ததும் கடைசி பெஞ்சுக்குப் போகவில்லை. முன்னால் இரண்டாவது பெஞ்சில், நடைபாதையை ஒட்டிய ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். முதல் பெஞ்சில் மர்கரீத் அக்கா திரும்பிப் பார்த்தாள். அந்தக் காவி நிறத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பிறகு திரும்பிக்கொண்டாள். லூர்துநாதன் ஸ்டெல்லாமேரிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கம்பெனியில் சண்டை போட்டு லீவு வாங்கியிருந்தான். ஊசி மருந்து வெயில் படாமல் இருக்கத் துணி சுற்றிய பிளாஸ்க் அவன் மடியில் இருந்தது.

நன்மை நேரம் வந்தது. பாட்டு ஆரம்பித்தது. பெஞ்சு பெஞ்சாக ஆட்கள் எழுந்தார்கள். ஸ்டெல்லாமேரி எழவில்லை. அவள் ஓரத்தில் இருந்ததால் அந்தப் பெஞ்சில் இருந்தவர்கள் அவள் முழங்காலைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருந்தது. அவள் காலை ஒதுக்கி வழிவிட்டாள். ஆனால் நகர்ந்து உட்காரவில்லை. ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். ஒவ்வொருவரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவளும் அவர்கள் முகத்தைப் பார்த்தாள். ஒரு வருடமாக அவள் செய்யாத காரியம் அது. பார்த்தவர்களில் பாதிப் பேர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

லூர்துநாதனும் எழவில்லை.

"நீங்க போயி வாங்கிக்கினு வாங்க" என்றாள் மெதுவாக.

அவன் பீடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

நன்மை வாங்கிக்கொண்டு கைகூப்பித் திரும்பி வந்த மர்கரீத் அக்கா அவர்களுக்குப் பக்கத்தில் நின்றாள். வாயில் அப்பம் கரைந்து முடிந்திருக்க வேண்டும்.

"நீயுமாப்பா லூர்து?" என்றாள். "உனக்கு இன்னா வந்துச்சு?"

"போங்கக்கா" என்றான் அவன். "பின்னாடி ஆளு நிக்குது."

வாசலில் உப்புமா அண்டாவைத் திறந்தபோது ஆவி எழும்பியது. கிளாட்வின் ஒரு தட்டை நீட்டப்போய், செல்வாம்பாள் சொல்லியிருந்த கோதுமை விஷயம் நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார். காவித் துணியைப் பார்த்தார்.

"எங்க எடுத்த?"

"நேரு வீதியில."

"நல்ல கலரு" என்றார். பிறகு, "பின்னாடிதான வருவ?" என்றார்.

"ஆமாண்ணே."

"ரொம்பப் பின்னாடி வராத. கண்ணுல படற மாதிரி வா."

கூட்டம் கிளம்பியது. மாதா சுரூபம் வைத்த தள்ளுவண்டி முன்னால், மைக்கில் ஜெபமாலை, காவித் துணிகள், பிறகு கொஞ்சம் இடைவெளி, அதற்குப் பின்னால் ஸ்டெல்லாமேரியும் லூர்துநாதனும். முருங்கப்பாக்கம் வரை நிழல் இருந்தது. பாலத்தில் ஏறும்போது வெயில் நேராக முகத்தில் விழுந்தது. கீழே ஆற்றில் படகுகள் கட்டியிருந்தன. வீராம்பட்டினம் பக்கம் போகிற மீன் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டின. அவள் உள்ளங்கையைத் திறந்து பார்த்தாள். வேர்வை இருந்தது. அரிப்பு இல்லை.

"இன்னா?" என்றான் லூர்துநாதன். பிளாஸ்க் மூடியில் அவன் கை இருந்தது.

"ஒண்ணும் இல்ல. மூடிய திருகாதீங்க."

அரியாங்குப்பம் தாண்டிய பிறகு முன்னால் போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். போன வருடம் இந்த இடத்தில்தான் அவள் கழுத்தைச் சொறிந்தாள் என்பது அவர்களுக்கு நினைவிருந்தது. ஜெபமாலைக்குப் பதில் சொல்கிற குரல்கள் இடையிடையே விட்டுவிட்டு வந்தன. ஸ்டெல்லாமேரி விடாமல் சொன்னாள். அவள் குரல் பின்னாலிருந்து தனியாகக் கேட்டது. தவளக்குப்பம் வந்தது. அந்த இடத்தில் ஒரு புதிய டீக்கடை வந்திருந்தது. அவள் விழுந்த மண்ணின் மேல் பெஞ்சு போட்டு இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களைத் தாண்டினாள். முதுகு நனைந்து காவி கருத்துப்போயிருந்தது. கால் வலித்தது. இது வெறும் கால்வலி. எல்லாருக்கும் வருகிறது.

வெயிலில் கூட்டத்தின் வேகம் குறைந்தது. மாடிப்படி ஏறிப் பழகிய ஸ்டெல்லாமேரியின் கால்களுக்கு அந்த வேகம் போதவில்லை. இடைவெளி தானாகச் சுருங்கியது. கூட்டத்தின் கடைசியில் வந்தவர்களை எட்டிவிட்டாள். அங்கே, மூச்சு வாங்கி, குடையை ஊன்றிக்கொண்டு, மர்கரீத் அக்கா போய்க்கொண்டிருந்தாள். இரண்டு அடிக்கு ஒரு தரம் திரும்பி ஸ்டெல்லாமேரியின் உதட்டையே பார்த்தாள். ஒரு முறை பார்த்தாள். திரும்பினாள். மறுபடி பார்த்தாள். எதிரே ரோட்டைப் பார்க்கவே இல்லை.

ஸ்டெல்லாமேரி அவளை ஒட்டி வந்ததும் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினாள்.

"முன்னாடி பாத்து நடங்கக்கா" என்றாள். "வுழுந்துடப் போறீங்க."